காண்டிராக்டர் தின்றுவிட்டாரா?

நம் தேசத்தில் எங்கே ஒரு கட்டடம் சரிந்தாலும், எங்கே ஒரு பாலம் பாதியில் நின்றாலும், எந்த மலைச் சுரங்கத்தில் மண் விழுந்து ஆட்கள் சிக்கிக்கொண்டாலும், காலைக் காப்பியுடன் பத்திரிகை படிக்கும் குடும்பங்களில் வெளியாகும் தீர்ப்பு ஒன்றேதான்: "காண்டிராக்டர் தின்றுவிட்டான்!" தாத்தா சொல்வார், அப்பா ஆமோதிப்பார், அடுக்களையிலிருந்து அம்மாவும் "பின்னே?" என்று ஒரு வார்த்தை சேர்ப்பாள். அத்துடன் விசாரணை முடிந்து பத்திரிகையின் அடுத்த பக்கம் திருப்பப்படும்.

இந்தத் தீர்ப்புப் பல சமயங்களில் சரியாகவே இருந்துவிடுகிறது என்பதுதான் இதிலுள்ள சங்கடம். சிமெண்டைத் தின்றவர்கள் உண்டு. இரும்புக் கம்பியைத் தின்றவர்களும் உண்டு. அவர்களுடைய ஜீரண சக்தியைக் குறித்து நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தலைவலிக்கும் கால் முறிவுக்கும் ஒரே கஷாயத்தைக் கொடுக்கும் வைத்தியரிடம் நாம் இரண்டாம் முறை போகமாட்டோம் அல்லவா? வீடு கட்டுவது ஒரு காரியம். பாலம் போடுவது வேறு காரியம். ஆற்றை மறிப்பது மற்றொன்று. மலையைக் குடைவதோ இவற்றில் எதையும் சேராதது. ஒவ்வொன்றிலும் அபாயம் ஒவ்வோர் இடத்தில் ஒளிந்திருக்கிறது. இதைப் பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி டெண்டர், ஒரே மாதிரி ஒப்பந்தம், ஒரே மாதிரி வசவு என்று நடத்தி வருகிறோம். அதன் பலனாகத் தின்றவர் தப்பித்துக்கொள்கிறார், தின்னாதவர் திவாலாகிறார், நடுவில் கூலிக்கு வந்த ஏழை உயிரை விடுகிறான்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று சொல்லி வைத்த முன்னோர்கள், அணையைக் கட்டிப் பார் என்றோ மலையைக் குடைந்து பார் என்றோ சொல்லவில்லை. அவை ராஜாக்களின் தலைவலி என்று விட்டுவிட்டார்கள் போலும். நமக்குத் தெரிந்த வீட்டையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

மனையில் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பார்த்தால், அடியில் இருப்பது செம்மண்ணா, களிமண்ணா, யாரோ எப்போதோ தூர்த்த குளமா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். கரிசல் மண்ணாயிருந்தால் மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதற்கேற்றபடி கடைக்காலை அமைக்க வழி இருக்கிறது. ஆகவே சாதாரண வீட்டுக்கு மண் அவ்வளவு பெரிய சத்துரு அல்ல. முதல் சத்துரு வீட்டுக்காரருடைய மனந்தான். வானம் தோண்டும்போது ஒரு கூடம் இருக்கும். சுவர் ஜன்னலுக்குமேல் எழும்பியதும் மைத்துனர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இந்தச் சுவரை மூன்றடி தள்ளினால் எவ்வளவு விசாலமாயிருக்கும்!" என்பார். சுவர் தள்ளப்படும். அத்துடன் எஸ்டிமேட்டும் தள்ளப்படும். மேஸ்திரி மறுவார்த்தை பேசாமல் தலையை ஆட்டுவார். பேசியதற்கு வெளியே செய்கிற வேலைக்கு அவர் வைத்ததுதானே விலை?

இரண்டாவது சத்துரு, மறைந்து போகும் வேலை. வீட்டில் முக்கியமானவை எல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறவை. தூணுக்குள் எத்தனை கம்பி போயிற்று, அவற்றைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தன, காங்கிரீட்டில் வேலை சுலபமாகட்டும் என்று எத்தனை குடம் தண்ணீரை அதிகமாக ஊற்றினார்கள், போட்ட பிறகு எத்தனை நாள் நனைத்து வைத்தார்கள், சென்டரிங் பலகையை வேறொரு வீட்டுக்கு வேண்டுமென்று முன்னதாகவே பிரித்தார்களா என்பவையெல்லாம் மேலே பூச்சுப் பூசி வெள்ளையடித்த பிறகு யாருக்குத் தெரியும்? பூச்சு அழகாயிருப்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம். தாத்தாவின் தீர்ப்பு முழுக்க முழுக்கப் பொருந்துகிற இடம் இதுதான். இங்கே பரிகாரமும் நம் கையிலேயே இருக்கிறது. காங்கிரீட் போடுகிற தினங்களில் விவரம் தெரிந்த ஒருவர் வெயிலில் நின்று பார்க்க வேண்டும். முடிந்த வேலைக்குத்தான் பணம் என்று கட்டம் கட்டமாகக் கொடுக்க வேண்டும். கிரகப்பிரவேசத்துக்கு ஐந்நூறு பேருக்குச் சமையல் செய்விக்கிறவர்கள், இந்த மேற்பார்வைக்கு ஓர் எஞ்சினீயருக்குச் சம்பளம் கொடுப்பதை மட்டும் வீண் செலவு என்று நினைப்பது ஏனோ தெரியவில்லை.

சென்னைக்கு அடுத்த மௌலிவாக்கத்தில் 2014-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதி மாலை மழை பெய்துகொண்டிருக்கும்போது, கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள். வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இடி விழுந்திருக்குமோ என்றுகூட முதலில் பேச்சு எழுந்தது. அதே மழையில் அக்கம்பக்கத்து வீடுகள் நின்றுகொண்டுதான் இருந்தன. அதன் இரட்டைப் பிறவியாகப் பக்கத்தில் நின்ற மற்றொரு கட்டடத்தை 2016-ஆம் வருஷம் நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். கட்டடத்தின் அபாயம் எப்படிப்பட்டது என்பதை அந்த இரண்டாவது கட்டடந்தான் நன்றாகச் சொல்கிறது: பார்ப்பதற்கு அது நன்றாகவே இருந்தது.

மாடி அதிகமானால் அபாயமும் அதே அளவில் ஏறும் என்று நினைத்துவிடக் கூடாது. நியூயார்க் நகரத்தில் 102 மாடி கொண்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 1930-ஆம் வருஷம் மார்ச்சில் ஆரம்பித்து, 1931-ஆம் வருஷம் மே முதல் தேதி திறந்துவிட்டார்கள், 410 நாட்கள். போட்ட மதிப்புக்குக் குறைவாகவே செலவும் ஆயிற்று. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரு மாடியைப் போலவே அடுத்த மாடி. பத்தாவது மாடியில் செய்த தவறு இருபதாவது மாடியில் திருந்திவிடும். முப்பதாவதை எட்டும்போது ஆட்களுக்குக் கை தானாகவே போகும். இதற்கு நேர்மாறாக ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்துச் சங்கீத மண்டபம் இருக்கிறது. சிப்பிகளைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அதன் கூரையை எப்படிக் கட்டுவது என்பது தீர்மானமாவதற்கு முன்பே, 1959-ல் அடித்தளத்தை ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப் போட்டு முடித்தபோது, கூரையின் பாரத்தைத் தாங்குவதற்கு எழுப்பிய தூண்கள் போதவில்லை. அவற்றை மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று. 1963-ல் முடிய வேண்டியது 1973-ல் முடிந்தது. 70 லட்சம் டாலர் என்று ஆரம்பித்த செலவு 10 கோடியே 20 லட்சத்தில் நின்றது. எவரும் தின்றதாக இங்கே கேள்வி இல்லை. உலகத்தில் அதற்கு முன் ஒருவரும் கட்டாத கூரை அது, அவ்வளவுதான்.

பாலத்துக்கு வருவோம். பாலம் முழுமையாக நிற்கும்போது பலசாலி. பாதி எழும்பி நிற்கும்போதோ, தன் வாழ்நாளில் பின்னர் ஒருபோதும் தாங்க வேண்டியிராத பளுவையெல்லாம் தாங்கிக்கொண்டு, பிடிப்பில்லாமல் வெறும் வெளியில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வடிவம் வரைகிறவர் முடிந்த பாலத்தைத்தான் கனவு காண்கிறார். முடியாத பாலத்தின்மேல்தான் தொழிலாளிகள் நிற்கிறார்கள்.

கனடா தேசத்தில் க்யூபெக் நகரத்துக்கருகில் ஸெயின்ட் லாரன்ஸ் நதியின் மீது ஒரு பெரிய இரும்புப் பாலம் எழும்பி வந்தது. தூணுக்குத் தூண் 1,600 அடி என்றிருந்த இடைவெளியை 1,800 அடியாக நீட்டினார்கள். நீளம் கூடினால் இரும்பின் எடையும் கூடும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் பழைய எடையையே வைத்துக்கொண்டு வேலை நடந்தது. தலைமை ஆலோசகரான தியோடர் கூப்பர் என்னும் முதிய எஞ்சினீயர் நியூயார்க்கில் இருந்தார். 1907-ஆம் வருஷம் ஆகஸ்டில் கீழ்ப்புறத்து இரும்பு அங்கங்கள் வளைய ஆரம்பித்தன. வளைவு இப்போது வந்ததா, பட்டறையிலிருந்து வரும்போதே இருந்ததா என்று தர்க்கம் நடந்தது. ஒருவர் ரயிலேறிப் போய்க் கூப்பரிடம் விவரத்தைச் சொன்னார். கூப்பர் உடனே வேலையை நிறுத்தும் நோக்கத்துடன் தந்தி கொடுத்தார். தந்தி போனது பாலம் கட்டும் இடத்துக்கல்ல; இரும்பு வார்க்கும் கம்பெனிக்கு. ஆகஸ்ட் 29-ந் தேதி மாலை, வேலை முடிகிற நேரத்தில் பாலம் நதியில் விழுந்தது. 75 பேர் மாண்டார்கள். மறுபடியும் புதிதாகக் கட்டி, 1916-ல் நடுப் பாகத்தைத் தூக்கி வைக்கும்போது அதுவும் விழுந்து 13 பேரைக் கொண்டு போயிற்று. 1917-ல் முடிந்த அந்தப் பாலத்தில் அப்புறம் நூறு வருஷமாக ரயில் ஓடியிருக்கிறது.

நம் நதிகளிலோ அபாயம் மேலே இல்லை, மணலுக்கடியில் இருக்கிறது. நதி நடுவில் வட்டமாகச் சுவர் எழுப்பி, உள்ளேயிருந்து மணலை வாரி வாரிக் கொட்டினால் அந்தச் சுவர் தன் பாரத்தினாலேயே மெள்ள இறங்கும். இதற்குக் 'கிணறு இறக்குவது' என்று பெயர். கெட்டி நிலம் கிடைக்கும் வரையில் இறக்கிக்கொண்டே போய், அதன்மேல் தூணை நிறுத்துவார்கள். நம் நாட்டுக் கிணறு வெட்டும் தொழிலாளிகளுக்குப் பரம்பரையாகத் தெரிந்த வித்தை இது. அடியில் ஒரு பக்கம் மட்டும் ஒரு பாறையோ புதைந்த மரமோ தடுத்துவிட்டால் கிணறு சாய்ந்துவிடும். சாய்ந்த கிணற்றை நிமிர்த்துவதற்குள் வெள்ளக் காலம் வந்துவிடும். பாம்பனில் கடலே எதிரி. 1914-ல் திறந்த ரயில் பாலத்தின் 145 தூலங்களில் 126-ஐ 1964-ஆம் வருஷம் டிசம்பர் புயல் ஒரே இரவில் அடித்துக்கொண்டு போயிற்று. ஸ்ரீ இ. ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினீயரின் மேற்பார்வையில் 46 நாளில் அதைச் சரி செய்து ரயிலை விட்டார்கள். தூண்கள் நின்றன என்பதாலேயே அது சாத்தியமாயிற்று. அவை போயிருந்தால் ஸ்ரீதரனாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அணையின் சமாசாரம் வேறு. அணை கட்டுகிறவனுக்கு எஜமான் நதியே. அது கொடுக்கிற சில மாதங்களில் வேலையை முடித்துக்கொண்டு கரையேற வேண்டும். பெரியாற்றின் வெள்ளத்தை மதுரைச் சீமைக்குத் திருப்புவதற்காகப் பென்னிகுயிக் 1887-ல் ஆரம்பித்த வேலையில், நதியை ஒதுக்குவதற்குப் போட்ட தடுப்புக்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி போட்டதையும் விடவில்லை. இது போதாதென்று காட்டுக் காய்ச்சல் வேறு. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அந்த அணை 1895-ல் முடிந்தது. தேனிப் பக்கத்தில் தைப்பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போட்டுப் பொங்கலிடுகிறார்கள். நதியோடு ஒரு மனிதன் எட்டு வருஷம் மல்லுக்கு நின்றது அந்தக் குடியானவர்களுக்கு மறக்கவில்லை.

நதியின் பஞ்சாங்கம் தெரிந்துவிட்டால் போதும் என்று நினைத்தால், சில சமயம் அதுவும் பொய்த்துவிடுகிறது. இமயத்தில் பிப்ரவரி மாதம் என்றால் நதிகள் மெலிந்திருக்கும் காலம். ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்வதற்குத் தகுந்த காலம். 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 7-ந் தேதி சமோலி ஜில்லாவில், மலையுச்சியிலிருந்து பாறையும் பனியுமாக ஒரு பெரும் பாகம் பெயர்ந்து விழுந்து, நதிகளில் சேறும் கல்லுமாகப் பிரளயம் வந்தது. தபோவனத்தில் கட்டிக்கொண்டிருந்த மின்சார நிலையத்தின் சுரங்கங்களுக்குள் சேறு புகுந்தது. இருநூறு பேருக்கு மேல் மாண்டும் காணாமலும் போனார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, அப்படியும் அத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்.

அணைக்கு இன்னோர் அபாயம் உண்டு. அதை எந்த எஞ்சினீயரும் கணக்கில் எழுதுவதில்லை. மூழ்கப்போகும் ஊர்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். நர்மதை நதியில் ஸர்தார் ஸரோவர் அணைக்கு 1961-ல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். மாகாணங்களுக்குள் தண்ணீர் வழக்கு, ஊரை இழந்தவர்களின் கிளர்ச்சி, உலக வங்கி விலகியது, சுப்ரீம் கோர்ட்டு என்று பல படிகள் ஏறி இறங்கி, 2017-ல்தான் அதை முடிந்ததென்று தேசத்துக்கு அர்ப்பணம் செய்தார்கள். 56 வருஷம்! அதில் காங்கிரீட் ஊற்றுவதற்கு ஆன காலம் எவ்வளவு, வீடிழந்தவனுக்கு நிலம் கொடுக்காமல் இழுத்தடித்த காலம் எவ்வளவு என்று ஒரு கணக்கு எடுத்தால் உபயோகமாயிருக்கும். ரோட்டு வேலையிலும் இதே கதைதான், சிறிய அளவில். தார் போடத் தெரியாமல் எந்த ரோடும் நிற்பதில்லை. நடுவில் இருக்கும் ஒரு தோப்பும் ஒரு வழக்கும் நிறுத்திவிடுகின்றன.

இனி மலைக்குள் போவோம். இதுவரை சொன்ன வேலைகளில் எல்லாம், கட்டுகிறவன் தான் கட்டப்போகும் சாமானைத் தானே தேர்ந்தெடுக்கிறான். சுரங்கத்தில் மட்டும் சாமானைக் கடவுள் தேர்ந்தெடுத்து உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார். எஞ்சினீயர் மேலிருந்து சில இடங்களில் துளை போட்டுப் பார்க்கலாம். தலைக்கு மேல் அரை மைல், ஒரு மைல் மலை நிற்குமானால் அந்தத் துளையும் லேசில் போட முடியாது. இரண்டு துளைகளுக்கு நடுவில் இருப்பது ஊகந்தான். கெட்டிப் பாறையில் வேகமாகப் போகிற சுரங்கம், திடீரென்று நொறுங்கின பாறையும் ஊற்றுத் தண்ணீரும் நிறைந்த இடத்தில் தலையை நீட்டும். ரோடங் கணவாய்க்கு அடியில் ஒன்பது கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கப் பாதை போட்டபோது, ஸேரி நாலா என்ற ஓடைக்குக் கீழே அறுநூறு மீட்டருக்கும் குறைவான ஒரு பாகம் சில வருஷங்களை விழுங்கிவிட்டது. 2015-ல் முடியும் என்றிருந்தது 2020-ஆம் வருஷம் அக்டோபரில் திறக்கப்பட்டது. 1998-ல் முழுவதும் திறந்த கொங்கண் ரயில் பாதையிலும் கெட்டிப் பாறைச் சுரங்கங்கள் சிரமம் கொடுக்கவில்லை. ஒன்பது மண் சுரங்கங்கள்தான் ஆட்களையும் ஆண்டுகளையும் கேட்டன. கோவாவில் பெர்ணெம் என்னுமிடத்தில் இன்று தோண்டியது நாளைக்கு மூடிக்கொள்ளும். ரயில் பிரயாணிகள் அந்த இருட்டை ஒரு நிமிஷத்தில் கடந்து, முந்திரிப் பருப்புப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

மலையின் அபாயத்தை யார் தலையில் கட்டுவது? இந்தக் கேள்விக்கு ஸ்விட்சர்லாந்தில் ஒரே மலை இரண்டு பதில் சொல்லியிருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் ஸென்ட் கோட்டார்ட் என்ற இடத்தில் ஒன்பது மைலுக்கு மேல் நீளமுள்ள ரயில் சுரங்கத்துக்கு 1872-ல் டெண்டர் கேட்டார்கள். இத்தாலியக் கம்பெனி ஒன்று ஒன்பது வருஷம் கேட்டது. லூயி ஃபாவ்ர் என்பவர் எட்டே வருஷம் என்றார்; விலையையும் குறைத்துச் சொன்னார். தச்சராக வாழ்க்கையை ஆரம்பித்துத் தம் திறமையால் முன்னுக்கு வந்தவர் அவர். ஒப்பந்தம் அவருக்கே கிடைத்தது. நிபந்தனைகள் என்ன தெரியுமோ? ஜாமீன் 80 லட்சம் பிராங்கு. எட்டு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 5,000 பிராங்கு அபராதம்; ஆறு மாதம் கழிந்தால் நாளொன்றுக்கு 10,000. மலைக்குள் என்ன இருந்தாலும் அது ஃபாவ்ரின் தலைவிதி.

மலைக்குள் பல விஷயங்கள் இருந்தன. வெள்ளமாகப் பாயும் ஊற்றுக்கள் இருந்தன. ஆண்டர்மாட் என்ற ஊருக்கு அடியில், கட்டிய கல் வளைவையே நசுக்கித் தள்ளும் களிப்பான பாறை இருந்தது. ஒருமுறை கட்டினால் நசுக்கும். கனமாக்கிக் கட்டினால் அதையும் நசுக்கும். ஒவ்வொரு நாளும் பணத்தைக் கணக்குப் பார்க்கிற முதலாளி எங்கே மிச்சம் பிடிப்பார்? காற்றோட்டத்தில் மிச்சம், கூலியில் மிச்சம், குடியிருப்பில் மிச்சம். உள்ளே வெப்பம் தாங்க முடியாமல் ஆட்கள் சுருண்டார்கள். அசுத்தத்தினால் கொக்கிப் புழு வியாதி பரவி அவர்களுடைய ரத்தத்தைக் குடித்தது. 1875-ல் வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்து நால்வர் மாண்டார்கள். வேலை முடிவதற்குள் விபத்துக்களில் இறந்தவர் ஏறக்குறைய 200 பேர். ஃபாவ்ரும் தப்பவில்லை. 1879-ஆம் வருஷம் ஜூலை 19-ந் தேதி சுரங்கத்துக்குள்ளேயே மேற்பார்வைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்தார். வயது 53. அடுத்த வருஷம் பிப்ரவரியில் இரு பக்கத்துத் தொழிலாளிகளும் நடுவில் சந்தித்தபோது, முதல் துவாரத்தின் வழியாக ஒரு தகரப் பெட்டிக்குள் அவருடைய படத்தை வைத்து அனுப்பினார்கள். வேலை எட்டு வருஷத்தைத் தாண்டியது. அவருடைய கம்பெனி நொடித்துப் போயிற்று.

ஃபாவ்ர் எதையும் தின்னவில்லை. மலைதான் அவரைத் தின்றது. அதற்கு முன் அவர் கீழ் வேலை செய்தவர்களைத் தின்றது.

அதே மலைத் தொடருக்கு அடியில் 57 கிலோமீட்டர் நீளத்தில் மற்றொரு சுரங்கத்தை 2016-ல் திறந்தார்கள். இதன் வழியில் பியோரா என்ற இடத்தில் சர்க்கரையைப் போல் உதிரும் ஒரு வகைப் பாறை, தண்ணீரில் ஊறி அழுத்தத்தோடு நிற்கும் என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் பயமுறுத்தினார்கள். ஸ்விஸ் சர்க்கார் டெண்டர் போட்டு யார் தலையிலாவது அதைக் கட்டிவிடவில்லை. பெரிய வேலையை ஆரம்பிப்பதற்கு முன்பாகவே, தங்கள் சொந்தச் செலவில், 1990-களில் ஒரு சோதனைச் சுரங்கத்தை வெட்டித் துளைகள் போட்டுப் பார்த்தார்கள். மேல் மட்டத்தில் சாஸ்திரிகள் சொன்னதுபோல் சேறும் தண்ணீரும் பீறிட்டுக்கொண்டு வந்தன. ரயில் போக வேண்டிய ஆழத்திலோ பாறை கெட்டியாகவும் உலர்ந்தும் இருந்தது. அதன் பிறகே தைரியமாக வேலையைத் தொடங்கினார்கள். அந்த 57 கிலோமீட்டரிலும் இறந்தவர் ஒன்பது பேர். ஒன்பதும் அதிகந்தான்; ஆனாலும் இருநூறுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருக்கிறது இரண்டு ஒப்பந்தங்களின் வித்தியாசம். மேனாட்டு யந்திரங்களின் வித்தியாசமும் அதில் உண்டென்று சொல்வீர்கள். உண்டு. ஆனால் ஸேரி நாலாவை நாம் சந்தித்தபோது நம்மிடத்திலும் யந்திரங்கள் இருந்தன.

டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் ஃப்ளிவ்பியர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2002-ல் 20 தேசங்களின் 258 வேலைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். சராசரியாக ரோடுகள் மதிப்பைவிட 20 சதவிகிதமும், பாலங்களும் சுரங்கங்களும் 34 சதவிகிதமும், ரயில் பாதைகள் 45 சதவிகிதமும் அதிகம் செலவாகியிருந்தன. பத்தில் ஒன்பது வேலைகள் மதிப்பை மீறியவை. இவ்வளவும் எதிர்பாராத கஷ்டங்களாக இருக்க முடியாது, அனுமதி கிடைக்க வேண்டுமென்றே முதலில் குறைத்து எழுதுகிறார்கள் என்பது அவருடைய கட்சி. தின்பதில் இது ஒரு நாசூக்கான வகை. சிமெண்டைத் தின்பதற்குப் பதிலாக உண்மையைத் தின்கிறார்கள். அதுவும் காண்டிராக்டர் ஊருக்கு வந்து சேர்வதற்கு முன்னாலேயே.

பூமிக்கடியில் நடக்கும் வேலைக்கென்று தனியாக ஒரு மாதிரி ஒப்பந்தத்தைச் சர்வதேச எஞ்சினீயர் சங்கங்கள் 2019-ல் வெளியிட்டன. அதன் சாரம் மிகவும் எளியது. உள்ளே இன்ன இன்ன பாறை இவ்வளவு தூரம் இருக்குமென்று வேலை கொடுக்கிறவர் முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைவிடப் பாறை மோசமாயிருந்தால் கூடுதல் காலமும் பணமும் அவர் கொடுக்க வேண்டும். வேலையைத் தரமாகவும் வேகமாகவும் செய்வது காண்டிராக்டர் பொறுப்பு. இந்த மாதிரி ஏற்பாட்டை நம் வீட்டு மேஸ்திரியோடு செய்துகொண்டால் நாம் மொட்டையடிக்கப்படுவோம்! வீட்டுக்கு ஒரே விலை பேசி முடிப்பதே புத்திசாலித்தனம். மலைக்கு ஒரே விலை பேசி, அதிலும் யார் குறைத்துச் சொன்னாரோ அவரிடம் கொடுத்து, 'உள்ளே என்ன இருந்தாலும் உன் பாடு' என்று கையைக் கழுவுவது, ஃபாவ்ரின் கதையை ஹிந்தியில் மொழிபெயர்ப்பதாகும்.

உத்தராகண்டத்தில் யமுனோத்ரிக்குப் போகும் வழியில் ஸில்க்யாரா என்ற இடத்தில் நாலரைக் கிலோமீட்டர் சுரங்கம் ஒன்றுக்கு 2018-ல் மத்திய சர்க்காரின் மந்திரிசபை அனுமதி கொடுத்தது. அந்த அறிவிப்பிலேயே 'தப்பிச் செல்லும் வழியுடன் கூடிய சுரங்கம்' என்ற வார்த்தைகள் இருந்தன. 2023-ஆம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, தீபாவளி தினத்து விடியற்காலையில், உள்ளே மண் சரிந்து 41 தொழிலாளிகள் அடைபட்டார்கள். தப்பிச் செல்லும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களே அவர்களில் அதிகம். ஒரிஸ்ஸா, பீஹார், வங்காளம், அஸ்ஸாம் பையன்களும் இருந்தார்கள். ஒரு குழாய் வழியாகக் காற்றும் பொரியும் கடலையும் போயின. பிறகு பெரிய குழாய் ஒன்றைச் செலுத்திச் சூடான சாப்பாடு அனுப்பினார்கள். அமெரிக்க யந்திரம் இரும்பில் சிக்கிக் கடைசிப் பத்துப் பன்னிரண்டு மீட்டரில் உடைந்து போயிற்று. எலிவளைச் சுரங்கம் தோண்டிப் பழகிய ஏழைத் தொழிலாளிகளை வரவழைத்தார்கள். அந்தத் தொழில் அபாயகரமானது என்று 2014-ல் தடை செய்யப்பட்ட தொழில். அவர்கள் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கையால் தோண்டி, பதினேழாவது நாள் இரவு 41 பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்தார்கள்.

காண்டிராக்டர் தின்றுவிட்டார் என்று நகரங்களில் பேசிக்கொண்டிருந்தபோது, ஸில்க்யாராவைச் சுற்றியுள்ள கிராமத்தார் வேறொரு காரணம் சொன்னார்கள். சுரங்க வாயிலில் இருந்த பாபா பௌக்நாக் என்ற தங்கள் தேவதையின் சிறு கோயிலை அப்புறப்படுத்தியதுதான் குற்றம் என்றார்கள். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி சுரங்கத்தின் இரண்டு பக்கமும் நடுவில் சந்தித்தன. அன்றைய தினமே வாயிலில் பாபாவுக்குப் புதிய கோயிலில் பிரதிஷ்டை நடந்தது. முதல் மந்திரி வந்திருந்தார்.